மிகைக் கடன்பொறுப்பு

மிகைக் கடன்பொறுப்பு என்பது, ஒருவர் அல்லது ஒரு குடும்பம் தன் வருவாயிலிருந்து உரிய நாளில் நிறைவேற்ற இயலாத அளவுக்குத் திருப்பிச் செலுத்தும் பொறுப்புக்களை ஏற்றுக்கொண்டுள்ள நிலையைக் குறிக்கும். கடன் தொகையின் அளவு மட்டும் இந்நிலையைத் தீர்மானிப்பதில்லை. தவணைகளின் எண்ணிக்கை, அவை வரும் நாட்கள், வருவாய் கைக்கு வந்து சேரும் காலம், பிறருக்காக ஏற்ற பிணை ஆகியனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தொடர்ச்சியான மனக்கவலையும் தூக்கமின்மையும் இதனுடன் இணைந்து காணப்படுவதால், பொருளியல், உளவியல் ஆகிய இரு துறைகளிலும் இது ஆராயப்படுகின்றது.

தமிழ்நாட்டில் இப்பொருள் தர்மபுரி மாவட்டத்துடன் நெருங்கிய தொடர்புடையது. அரசுத் திட்டத்தின் கீழ் அமைந்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 ஆம் ஆண்டில் இம்மாவட்டத்திலேயே தொடங்கின. கடனை அளவோடு ஏற்பதற்கும், அதன் கவலையைப் பலரோடு பகிர்ந்துகொள்வதற்கும் உரிய ஏற்பாடுகள் அக்குழுக்களின் அமைப்பிலேயே இருந்தன. பிற்காலத்தில் குழு என்னும் வடிவத்தைப் பல நிறுவனங்கள் கடன் வழங்குவதற்குப் பயன்படுத்தியபோது அவ்வேற்பாடுகளிற் பல விடுபட்டுப் போயின.

சொல் வழக்கு

மக்கள் வழக்கில் இந்நிலை பல சொற்களால் குறிக்கப்படுகின்றது. ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் கட்டுவது 'ரொட்டேஷன்' எனப்படும். வாரந்தோறும் தவணை செலுத்தும் கடன் 'வாரக்கடன்' என்றும், நாள்தோறும் வசூலிக்கப்படும் கடன் 'தண்டல்' என்றும் வழங்கும். தனியாரிடம் அளவுகடந்த வட்டிக்குப் பெறுவது 'கந்துவட்டி' ஆகும். இவற்றுடன் சீட்டு, நகை அடகு, கைமாற்று, விழாக்களில் திருப்பிச் செய்யவேண்டிய மொய் ஆகியனவும் ஒரு குடும்பத்தின் பொறுப்புக் கணக்கில் அடங்கும்.

பின்னணி

தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2004 பெப்ரவரியில் இதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. எனவே 1989 இல் குழுக்கள் தொடங்கியபோது 'தர்மபுரி மாவட்டம்' என்பது இன்றைய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கியதாகும்.

மாவட்டத்தின் பெரும்பகுதி மழையை நம்பிய வேளாண்மையைக் கொண்டது. கேழ்வரகு, சாமை, மா, புளி, தக்காளி, மரவள்ளி, கரும்பு, பட்டுக்கூடு ஆகியவை இங்குள்ள விளைபொருட்களுள் அடங்கும். இவற்றிலிருந்து வரும் வருவாய் ஆண்டு முழுவதும் சீராகக் கிடைப்பதில்லை. தக்காளியின் விலை சில நாட்களிலேயே பெரிதும் மாறக்கூடியது. மாங்காய் ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே பணம் தரும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் பலர் பெங்களூர், ஓசூர், திருப்பூர் முதலிய இடங்களுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவு வீதம் மிகக் குறைவாக இருந்த மாவட்டமும் இதுவே. வருவாய் விட்டுவிட்டு வர, தவணைகள் மட்டும் தவறாமல் வருவது இங்கு மிகைக் கடன்பொறுப்பு உருவாவதற்கான அடிப்படைக் காரணமாகும்.

சுய உதவிக் குழுக்களின் தோற்றம்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. வேளாண் மேம்பாட்டுக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியுடன் 1989 இல் இந்நிறுவனம் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தார். பின்னர் இத்திட்டம் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் குழுக்களை அமைத்துப் பயிற்சி அளித்தன. இந்தியன் வங்கி கடன் வழங்கியது. 1992 இல் நபார்டு வங்கி நாடளாவிய முறையில் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1997–98 முதல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநில அரசு தன் நிதியைக் கொண்டு குழுக்களை ஏனைய மாவட்டங்களுக்கும் பரப்பியது.

இத்தொடக்கத்தை நினைவுகூரும் வகையில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்திற்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 சூலை 24 அன்று தர்மபுரி மாவட்டம் தொப்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது.

குழு முறையில் அமைந்திருந்த கட்டுப்பாடுகள்

சுய உதவிக் குழுவில் பொதுவாக 12 முதல் 20 பெண்கள் வரை இருப்பர். ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுவர். கடன் பளுவை மட்டுப்படுத்தும் பின்வரும் கூறுகள் குழுவின் நடைமுறையில் உள்ளன.

- முதலில் சேமிப்பு: உறுப்பினர்கள் சிறு தொகையை ஒழுங்காகச் சேமிக்கின்றனர். குறைந்தது ஆறு மாதங்கள் செயற்பட்ட பின்னரே குழு வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும்.
- உள்கடன்: சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குச் சிறுகடன் வழங்கப்படுகின்றது. யாரால் எவ்வளவு கட்ட முடியும் என்பது பெரிய கடனுக்கு முன்பே இதன் மூலம் தெரிந்துவிடும்.
- சேமிப்புக்கு ஏற்ற கடன்: தொடக்கத்தில் வங்கிக் கடன் குழுவின் சேமிப்பைப் போல் ஒன்று முதல் நான்கு மடங்கு வரை என வரையறுக்கப்பட்டது.
- பொதுவான முடிவு: கடன் கேட்பவர் தேவையைக் கூட்டத்தில் கூறவேண்டும். முடிவு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்.
- கணக்கு: வரவு, செலவு, நிலுவை ஆகியவை அனைவரும் கேட்கும்படி படிக்கப்படும்.

முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், கணக்கு எழுதுதல் ஆகிய ஐந்தும் 'பஞ்சசூத்திரம்' எனப்படுகின்றன. இவற்றின் பயன் பண ஒழுங்குடன் நிற்பதில்லை. ஒரு பெண்ணின் பொறுப்பு எவ்வளவு என்பது அவர் ஒருவருக்கு மட்டுமன்றிப் பதினைந்து பேருக்குத் தெரிந்திருப்பதால், தவணை தவறும் முன்பே பேச்சு தொடங்க வாய்ப்பு உண்டு. உறவினர் ஒருவர் தமக்காகக் கடன் எடுத்துத் தருமாறு கேட்கும்போது, 'குழுவில் கேட்க வேண்டும்' என்று கூறி மனம் நோகாமல் மறுக்கவும் இம்முறை இடமளிக்கின்றது.

கூட்டுப் பொறுப்புக் குழுக்கள்

குறுங்கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றிய கூட்டுப் பொறுப்புக் குழு முறையைக் கையாளுகின்றன. இதில் சேமிப்பு கட்டாயமில்லை. கடன் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் வழங்கப்படும். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் அதனை ஈடுசெய்ய வேண்டும் என்பது நடைமுறை. கடன் விரைவில் கிடைப்பது இதன் நன்மையாகும்.

ஆயினும் கடனின் அளவையும் தவணை நாளையும் நிறுவனமே வகுக்கின்றது. ஒரே பெண் நான்கு நிறுவனங்களின் குழுக்களில் இருந்தால், ஒவ்வொரு குழுவும் அவருடைய பொறுப்பில் ஒரு பகுதியை மட்டுமே அறியும். முழுத்தொகையை அறிந்தவர் அவர் ஒருவரே. மேலும், மற்ற உறுப்பினர்களின் தவணைக்கும் அவர் பொறுப்பாளி ஆகின்றார். இவ்வாறு அவர் தம் கடனுடன், அளவு தெரியாத வேறு சில கடன்களையும் சுமக்க நேர்கின்றது.

எடுத்துக்காட்டு

மாத வருவாய் 14,000 ரூபாய் உள்ள ஒரு குடும்பத்தைக் கருதலாம். அதற்குப் பின்வரும் பொறுப்புக்கள் உள்ளன எனக் கொள்வோம்.

- வாரத் தவணை 700 ரூபாய்: நான்கு வார மாதத்தில் 2,800 ரூபாய்
- இரு வாரங்களுக்கு ஒருமுறை 1,200 ரூபாய்: மாதம் 2,400 ரூபாய்
- மாதத் தவணை 2,400 ரூபாய்
- சுய உதவிக் குழுவின் தவணையும் சேமிப்பும் 600 ரூபாய்

இவற்றுள் எதுவும் தனியாக வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. ஆனால் மொத்தம் 8,200 ரூபாய் ஆகின்றது. வாரத் தவணை நாள் ஐந்து முறை வரும் மாதத்தில் இது 8,900 ரூபாயாக உயரும். வருவாயில் பாதியான 7,000 ரூபாயை இது கடந்துவிடுகின்றது. உணவு, மருந்து, பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு எஞ்சுவது 5,100 ரூபாய் மட்டுமே. ஒரு வாரம் கூலி வேலை கிடைக்காவிடில் ஐந்தாவது கடன் தேவைப்படும். ஒவ்வொரு கடனும் தனித்தனியே பார்க்கும்போது தாங்கக்கூடியதாகத் தோன்றுவதே இந்நிலை உருவாகும் வழியாகும்.

கவலையும் சிந்தனைத் திறனும்

பணக்கவலை முடிவெடுக்கும் ஆற்றலையும் பாதிக்கின்றது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் சபீர், சியாயிங் சாவோ ஆகியோர் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவுகளை 2013 இல் சயன்சு இதழில் வெளியிட்டனர். கரும்புக்கான பணம் கைக்கு வருமுன், அதே விவசாயிகள் சிந்தனைத் தேர்வுகளில் குறைவாகவே செய்தனர். அவர்களது அறிவு குறையவில்லை; மனத்தின் ஒரு பகுதியைப் பணக்கவலை பிடித்துக்கொண்டிருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தவணையின் கால இடைவெளி பற்றிய ஆய்வொன்று கொல்கத்தாவில் நடத்தப்பட்டு 2012 இல் வெளியானது. வாரந்தோறும் கட்டியவர்களைவிட மாதந்தோறும் கட்டியவர்கள், திருப்பிச் செலுத்துவது பற்றிக் கவலையோ பதற்றமோ அடைவதாகக் கூறும் வாய்ப்பு 51 விழுக்காடு குறைவாக இருந்தது.

சிங்கப்பூரில் நீண்டகாலக் கடனில் இருந்த குறைந்த வருவாய்க் குடும்பங்களின் கடன்கள் ஒரு தொண்டுத் திட்டத்தின் மூலம் அடைக்கப்பட்டபோது செய்யப்பட்ட ஆய்வு 2019 இல் வெளியானது. அடைக்கப்பட்ட தொகை சமமாக இருந்தபோதும், அதிக எண்ணிக்கையான கடன் கணக்குகள் முடிக்கப்பட்டவர்களுக்கே பதற்றம் கூடுதலாகக் குறைந்தது. சிந்தனைத் தெளிவும் மேம்பட்டது. கடனின் அளவைப் போலவே எண்ணிக்கையும் மனச்சுமை ஆகும் என்பதை இது உணர்த்துகின்றது.

இதனால் ஒரு சுழல் உண்டாகின்றது. பொறுப்பு மிகும்போது கவலை மிகும். கவலை மிகும்போது தொலைநோக்குடன் கணக்கிடும் ஆற்றல் குறையும். அப்போது அடுத்த தவணையை மட்டும் கருத்திற் கொண்டு புதிய கடன் பெறப்படும்.

சட்டங்களும் விதிகளும்

தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003 ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2010 இல் அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசத்தில், பல நிறுவனங்களிடம் கடன்பட்டவர்கள் வசூல் நெருக்கடியால் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வெளிவந்ததைத் தொடர்ந்து, அம்மாநில அரசு அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 சனவரியில் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் குறுங்கடன் நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உருவாயின.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின் முக்கிய கூறுகள்:

- ஆண்டு வருவாய் 3 இலட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையின்றி வழங்கப்படும் கடனே குறுங்கடன் ஆகும்.
- குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணைகள் மாத வருவாயில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது.
- கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தண்டம் விதிக்கலாகாது.
- காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைத்தல், மிரட்டல், உறவினர்களைத் தொல்லைப்படுத்தல், கடன்பட்டவர் பெயரை வெளியிடல் ஆகியவை கடுமையான முறைகளாகக் கருதப்பட்டுத் தடுக்கப்பட்டுள்ளன.
- வசூல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில் நடைபெற வேண்டும். தொடர்ந்து இருமுறை அல்லது அதற்கு மேல் அங்கு வராதவரின் வீட்டுக்கோ பணியிடத்துக்கோ மட்டுமே ஊழியர் செல்லலாம்.

தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டமுன்வடிவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது; அது அவ்வாண்டே சட்டமானது. வலுக்கட்டாய வசூலுக்குச் சிறைத்தண்டனையும் தண்டமும் விதிக்க இது வழிசெய்கின்றது.

50 விழுக்காட்டு வரம்பு கடன் தகவல் நிறுவனங்களில் பதிவான கடன்களையும் கடன் பெறுபவர் கூறும் விவரங்களையும் கொண்டு கணக்கிடப்படுகின்றது. தண்டல், கைமாற்று, ஊர்ச் சீட்டு முதலியன பதிவில் இல்லாததால், விதிப்படி தகுதி உள்ளவரும் உண்மையில் மிகைக் கடன்பொறுப்பில் இருக்கலாம்.

அன்றாட வாழ்வில் கையாளும் முறைகள்

பட்டியலிடல்: கடன் கொடுத்தவர், நிலுவை, தவணை, நாள், எஞ்சிய தவணைகள், யாருக்காகப் பெறப்பட்டது ஆகிய விவரங்கள் ஒரே ஏட்டில் எழுதப்படுகின்றன. பிறருக்கு ஏற்ற பிணையும் இதில் அடங்கும். பலருக்கு மொத்தத் தொகை தெரியாமலிருப்பதே கவலையைப் பெருக்குகின்றது.

நாட்காட்டியில் குறித்தல்: தவணை நாட்களும் வருவாய் நாட்களும் ஒரே நாட்காட்டியில் குறிக்கப்பட்டால், ஐந்து வார மாதம், பள்ளி திறக்கும் சூன் மாதம், பண்டிகைக் காலம் போன்ற நெருக்கடிகள் முன்கூட்டியே புலப்படும்.

எண்ணிக்கையைக் குறைத்தல்: வட்டி மிகுந்த கடனை முதலில் அடைப்பது பணக்கணக்கின்படி சிறந்தது, சிறிய கடனை முதலில் முடிப்பது மனச்சுமையைக் குறைக்கும். தண்டல், கந்துவட்டிக் கடன்கள் பெரும்பாலும் வட்டி மிகுந்தும் தொகை சிறுத்தும் இருப்பதால், பல குடும்பங்களில் இரு வழிகளும் ஒரே கடனையே சுட்டுகின்றன. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் பெறுவது, கடன்களின் எண்ணிக்கையும் வட்டியும் இரண்டும் குறையுமாயின் மட்டுமே பயன் தரும்.

முன்கூட்டித் தெரிவித்தல்: தவணை தவறிய பின்னர் ஒளிவதைவிட, தவறும் முன் குழுவிடமோ வங்கியிடமோ தெரிவித்துத் தவணைக் காலத்தை மாற்றக் கேட்பது நல்லது. எனினும் ஒத்திவைப்பு தள்ளுபடி ஆகாது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது தவணைகள் ஒத்திவைக்கப்பட்ட காலத்துக்கும் வட்டி கணக்கிடப்பட்டது.

மறுத்தல்: தம் பெயரில் மற்றவருக்காகக் கடன் எடுத்துத் தருவது மிகைக் கடன்பொறுப்புக்கான முக்கிய வழிகளுள் ஒன்று. உடனே விடை கூறாமல் ஏட்டைப் பார்த்த பின் கூறுவது என்ற வழக்கத்தைக் கொள்வது இதற்கு உதவும்.

கவலைக்கு நேரம் ஒதுக்கல்: தாமசு போர்கோவெக்கும் அவரது குழுவினரும் 1983 இல் விளக்கிய முறையின்படி, நாள்தோறும் குறித்த அரைமணி நேரம் கவலைப்படுவதற்கென ஒதுக்கப்படும். மற்ற வேளைகளில் எழும் கவலை அந்நேரத்துக்குத் தள்ளிவைக்கப்படும். கடன் ஏட்டைப் பார்க்கும் நேரத்தையே இதற்குப் பயன்படுத்தலாம்.

பிரித்தறிதல்: உலக சுகாதார அமைப்பு 2016 இல் வெளியிட்ட ஐந்து அமர்வுப் பயிற்சியில், சிக்கல்கள் தீர்க்கக்கூடியவை, தீர்க்க இயலாதவை, முக்கியமற்றவை எனப் பிரிக்கப்படுகின்றன. தீர்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்து சிறு படிகளாகச் செய்வதும், மூச்சுப் பயிற்சியும், உற்றார் துணையை நாடுவதும் இதன் கூறுகள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊர்மக்களும் இதனை நடத்தலாம். 2006 இல் சிம்பாப்வேயின் அராரே நகரில் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மரத்தடி இருக்கைகளில் அமர்ந்து இத்தகைய உதவியை வழங்குகின்றனர். பின்னர் அவர்களிடம் வந்தவர்கள் குழுவாகக் கூடிக் கைவினைப் பொருட்கள் செய்கின்றனர். தர்மபுரியின் குழுக்கூட்டமும் இந்தச் சந்திப்பும் வெவ்வேறு நோக்கில் தோன்றினும், தனியே சுமப்பதைப் பலர் நடுவே வைப்பது இரண்டுக்கும் பொதுவானது.

உதவி அமைப்புக்கள்

நிறுவனங்களின் வசூல் முறை பற்றிய முறையீட்டை முதலில் அந்நிறுவனத்திடமும், 30 நாட்களுக்குள் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் அளிக்கலாம். இதற்கான தகவல் எண் 14448 ஆகும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும், பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்ணும் உள்ளன.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ மருத்துவ உதவி தேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். தர்மபுரியில் 2008 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

விமர்சனங்கள்

குடும்பத்தின் செலவுக்காகப் பெறப்படும் கடன் பெண்ணின் பெயரில் இருப்பதால், தவணைக் கவலையும் வசூலின்போது ஏற்படும் அவமதிப்பும் பெண்ணையே சேர்கின்றன என்ற விமர்சனம் உண்டு. இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நீண்டகாலம் ஆய்வு செய்து 2023 இல் வெளியிட்ட நூல் பெண்களின் கடன்பட்ட நிலையை ஆராய்கின்றது.

கடன் திரும்பி வரும் விகிதத்தைக் கொண்டு திட்டத்தின் வெற்றியை அளப்பதும் குறை கூறப்படுகின்றது. உணவைக் குறைத்தும், நகையை அடகு வைத்தும், வேறிடத்தில் கடன் பெற்றும் கட்டப்படும் தவணை அவ்விகிதத்தில் வேறுபடுத்திக் காட்டப்படுவதில்லை.

கவலையைக் கையாளும் பயிற்சிகள் வருவாய்க் குறைவுக்கு மாற்றாகா. அவை தெளிவாகச் சிந்திக்கவும் அடுத்த பொறுப்பை ஏற்குமுன் நிதானிக்கவும் உதவுகின்றன. கூலி, விளைபொருள் விலை, மருத்துவச் செலவு ஆகியவற்றில் மாற்றமின்றிக் கடனின் தேவை குறையாது.

இவற்றையும் பார்க்கவும்

- சுய உதவிக் குழு
- மகளிர் திட்டம்
- தர்மபுரி மாவட்டம்
- குறுங்கடன்
- கந்துவட்டி
- மன அழுத்தம்